எல்லாரும் எழுதிய தேர்வு

இன்று காலை ஷார்ஜாவிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பேத்தி படிக்கும் பள்ளியில் ஏதோ பொதுத் தேர்வாம். பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வித்தாளாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு! முடிவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "அத்தா, நம்ம புள்ள பச்சையில நிக்கிறா" என்று கீழே எழுதியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தேன். பச்சைக் கட்டத்துக்குள் நம் பேத்தியின் பெயர். சந்தோஷமாகத்தான் இருந்தது. "இந்தா, இதைப் பாரேன்" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

நீ போய் இரண்டு ரமலான் நோன்பு கழிந்துவிட்டது. இந்தத் திரும்பல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நீ இருந்திருந்தால் பச்சையைப் பார்த்திருக்க மாட்டாய். அந்தச் சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்து, "இதுல நிக்கிற புள்ளைங்க யாருங்க?" என்று கேட்டிருப்பாய். அதை நினைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குவைத்திலிருந்து உனக்கு எழுதி எழுதிப் பழகிய கை இது. போய்ச் சேர முகவரி இல்லாவிட்டாலும் எழுதச் சொல்கிறது.

நம் கல்யாண வாழ்க்கையில் பாதி போன் கார்டிலேயே நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவேன். முதல் வாரம் முழுக்க நீ என்னிடம் கூச்சப்படுவாய். சகஜமாகப் பேச ஆரம்பிக்கும் நேரத்தில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். கூத்தாநல்லூரில் நம் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். நீ ஒருத்திதான் காலையில் டிபன் பாக்ஸும் குடையுமாக டவுன் பஸ் ஏறி, வயல் நடுவில் இருந்த அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு டீச்சராகப் போய் வருவாய். 'புருஷன் அங்கே சம்பாதிக்கிறப்ப இவளுக்கு என்ன கேடு' என்று பேசினவர்களுக்கு நீ பதில் சொன்னதே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்பாய்.

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி ஓட்டுவது. அப்போதுதான் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரி பள்ளி திறந்திருந்தார்கள். வேனுக்கு டிரைவர் தேடினார்கள். சேர்ந்துவிட்டேன். வேன் போகும் வழியில்தான் உன் பள்ளிக்கூட ஊரும் இருந்தது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நீ அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நல்லாருக்குங்க. நான் வீடு வீடாப் போய்ப் புள்ளைங்களச் சேத்துவிடுங்கன்னு கேக்கிறேன். நீங்க பின்னாடியே வந்து ஹார்ன் அடிக்கிறீங்க."

"நான் அடிக்கலன்னா வேற ஒருத்தன் வந்து அடிக்கப் போறான்."

"அதுவும் சரிதான். இந்தாங்க, டீயக் குடிச்சிட்டுத் தெம்பா அடிங்க."

தினமும் காலையில் என் மஞ்சள் வேன் உன் பள்ளி வாசலைக் கடக்கும்போது நீ நின்று கை காட்டுவாய். எனக்கில்லை. டையும் ஷூவுமாக உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு. அவர்களில் சிலர் போன வருஷம் வரை உன்னிடம் அ, ஆ எழுதியவர்கள். வெளிநாட்டுக் காசு வரும் வீடுகள் முதலில் பிள்ளைகளை மாற்றின. பிறகு நாலு மா நிலம் வைத்திருந்தவர்களும் மாற்றினார்கள். உன்னிடம் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஆற்றுக்கு அக்கரைத் தெருப் பிள்ளைகள். அம்மாக்கள் நடவுக்கும் களையெடுக்கவும் போவார்கள். அப்பாக்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலோ மலேசியாவில் ஏதாவது ஓட்டலிலோ இருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ரேவதியைப் பற்றித்தான் நீ அடிக்கடி சொல்வாய். மூன்றாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்காத பெண். வெளியே பேசுவாளாம், சிரிப்பாளாம். உள்ளே வந்து உட்கார்ந்தால் உதடு ஒட்டிக்கொள்ளுமாம். ராத்திரிச் சாப்பாட்டில் கறியைப் பரிமாறிக்கொண்டே, "இன்னிக்கும் பேசலங்க" என்பாய். எழுத்துக் கூட்டத் தெரியுமா தெரியாதா என்பதே உனக்குப் புரியவில்லை. பேசாத பிள்ளையிடம் எப்படித் தெரிந்துகொள்வது?

அப்படி இருக்கையில்தான் அடைவுத் தேர்வு வந்தது.

ஒன்றியத்தில் உள்ள எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நாள். வெளியிலிருந்து ஆசிரியர் வந்து தேர்வு நடத்துவார். விடையை எழுத வேண்டாம், சரியான வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். முந்தின தேர்வில் உன் பள்ளிதான் ஒன்றியத்திலேயே கடைசி. பிள்ளைகளும் குறைந்துகொண்டே போக, இதிலும் கடைசி என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. பக்கத்து ஊர் என்றால் அக்கரைப் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். நடந்து போக மாட்டார்கள், வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

நீ வட்டங்களோடு வாழ ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வளையலை வைத்து வட்டம் போட்டாய். என்னையும் போட வைத்தாய். மறுநாள் வந்து நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பயல் நாலு வட்டத்தையும் கருப்பாக்கி வைத்திருந்தானாம். "ஏன்டா எல்லாத்தையும் தீட்டினே?" என்று கேட்டதற்கு, "மூணை மட்டும் விட்டா பாவம்ல டீச்சர்" என்றானாம்.

"அவன் சொன்னதும் சரின்னுதாங்க பட்டுது" என்று நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். மீன் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவே இல்லை.

"பெரிய சார் ஒண்ணு சொல்றார்."

உன் தலைமை ஆசிரியரைத்தான் அப்படிச் சொல்வாய். நல்ல மனிதர், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள்தான் இருந்தன. பள்ளியை மூடிய பெயரோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றார்?"

"மக்குப் புள்ளைங்கள அன்னிக்கு வர வேணாம்னு சொல்லிடலாங்கிறார். காய்ச்சல்னு போட்டுக்கலாமாம். மத்த இடத்துலயும் அப்படித்தான் பண்றாங்களாம். ஆறேழு பேர் வரலன்னா நம்ம ஸ்கூல் மேல போயிடும், மூட மாட்டாங்க, புள்ளைங்களுக்கும் அதானே நல்லதுங்கிறார்."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னேன்."

பிறகு மெதுவாகக் கேட்டாய்: "ஏங்க, அவர் சொல்ற மாதிரி செஞ்சாத்தான் ஸ்கூல் நிக்கும்னா? நான் பிடிவாதம் பண்ணி மூடிட்டாங்கன்னா? அந்தப் புள்ளைங்களுக்குத்தானே கெடுதல்?"

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். "நீ எதுக்கு மாட்டேன்னே?" என்று மட்டும் கேட்டேன்.

"ரேவதிகிட்ட போய், தேர்வு இருக்கு, நீ வராதேன்னு எந்த வாயால சொல்றது? அவ எப்படியும் ஒண்ணும் சொல்ல மாட்டா. தலைய ஆட்டிட்டுப் போயிடுவா. அதுக்கப்புறம் அவ என்னிக்கும் பேச மாட்டாங்க."

அன்று நான்தான் மீனைக் கழுவினேன். குழம்பு உப்புக் கரித்தது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

தேர்வு நாளன்று விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சம்பா நட்ட வயலெல்லாம் ஒரே தண்ணீர்க் காடு. நர்சரிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வேனில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பெரிய சாருடைய நம்பர். பேசியது நீ.

"ஏங்க, நடைபாலம் முழுகிடுச்சு. அக்கரைப் புள்ளைங்க ஒருத்தரும் வரல."

"ரோட்டுப் பாலம் வழியா வரலாமே?"

"சுத்திக்கிட்டு நடந்து வர்றதுக்குள்ள தேர்வே முடிஞ்சிடும். வெளியிலேருந்து ஒரு மேடம் வந்து உக்காந்திருக்காங்க. வந்த புள்ளைங்களை வெச்சு ஆரம்பிச்சிடலாம்னு பெரிய சார் சொல்றார். கொஞ்சம் பொறுங்க மேடம்னு சொல்லியிருக்கேன்."

மழைச் சத்தம்தான் இரண்டு பக்கமும் கேட்டது.

"வண்டி எங்க நிக்குது?" என்றாய்.

"வண்டி என்னுது இல்ல."

"தெரியும். வண்டியக் கேக்கலங்க. எங்க நிக்குதுன்னுதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டாய். நான் சாவியைத் திருகினேன். பெரிய தீர்மானம் எல்லாம் ஒன்றும் இல்லை. அடுத்த டிரிப்புக்கு மத்தியானம் வரை நேரம் இருந்தது, வண்டி சும்மா நின்றது, நீ காத்துக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான் நினைத்தேன்.

அக்கரைத் தெருவில் பிள்ளைகள் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர் கூட்டியாரச் சொன்னாங்க, ஏறுங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு அம்மா வேனைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இது டை கட்டுன புள்ளைங்க போற வண்டியில்லீங்களா பாய்? காலெல்லாம் சேறா இருக்கு. திட்டுவாங்களே" என்றாள்.

"சேறு கழுவுனாப் போயிடும்மா. ஏத்திவிடுங்க."

ஏறினார்கள். ரேவதி எங்கே என்று கேட்டேன், அவள் மட்டும் இல்லை. பக்கத்துக் குடிசையிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். "அவள வர வேணாம்னு பெரிய சார் நேத்து சொல்லிட்டாராமே? பரீச்சையெல்லாம் நல்லாப் படிக்கிற புள்ளைங்களுக்குத்தானாமே?"

நீ மாட்டேன் என்றதும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். "டீச்சர் ரேவதியை வரச் சொன்னாங்க. பேர் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க" என்றேன். நீ பேர் சொல்லவில்லை. ஆனாலும் அது பொய் இல்லை.

தாயின் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் வந்தது. ஈரத்தலை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, ஊக்கு குத்திய யூனிபார்ம். வரக்கூடாது என்று சொன்ன நாளிலும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை. ஏறி, நடுவில் நின்று, என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஜன்னல் ஓரமா உக்காரலாமா?"

வழி நெடுகப் பேசினாள். தவளை, பாம்பு, திருப்பூரில் இருக்கும் அப்பா, ஆற்றில் போன யார் வீட்டுக் கோழியோ ஒன்று. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஞாபகத்தில் எடுத்து வைத்தேன்.

பள்ளி வாசலில் நீ குடை இல்லாமல் நின்றாய். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் வேனிலிருந்து பிள்ளைகள் உன்னிடம் இறங்கினார்கள். வெளியிலிருந்து வந்த அந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் முகம் சுளிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து, இறங்கிய பிள்ளை ஒன்றின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். பெரிய சார் பென்சில் சீவிக் கொடுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலமே நர்சரிப் பள்ளித் தாளாளர் கூப்பிட்டுவிட்டார். வழியில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "எந்தெந்தத் தெருப் புள்ளைங்களையோ ஏத்திட்டுப் போனீங்களாமே. நம்ம பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க? ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க. சீட்டையெல்லாம் டெட்டால் போட்டுக் கழுவுங்க. இனிமே நடக்காதுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க."

கேட்காமல் வண்டி எடுத்தது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். டீசலைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சேற்றைக் கழுவித் தருகிறேன் என்றேன். "டெட்டால் எதுக்குங்க? அதுங்களும் புள்ளைங்கதானே" என்றேன். அவர் சாவியை மேஜை மேல் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது, வாசலில் உன்னைப் பார்த்ததும் மறந்துபோய், "வேலை போச்சு" என்று மட்டும் வந்தது. நீ என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தாய். கொடியில் போட்டாய். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாய்:

"நீங்க குவைத்லேருந்து வந்து எத்தனையோ மாசம் ஆச்சு. இன்னிக்குத்தாங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அதற்குமேல் என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை. மழை விட்டிருந்தது.

தேர்வு முடிவு வந்தது. உன் பள்ளிதான் கடைசி. பெரிய சார் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட, ஒன்றியக் கூட்டத்துக்கு நீதான் போனாய். நான் மொபெட்டை வைத்துக்கொண்டு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். வெளியே வந்த உன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எழுப்பி நிக்க வெச்சாங்க. ஏன் இப்படின்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஸ்கூல்ல பேர் இருக்கிற எல்லாரும் எழுதினாங்க சார்னேன். அதிகாரி உக்காருங்கன்னுட்டார்."

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, என் தோளில் கையை வைத்துக்கொண்டு, "ரேவதிக்கு ரெண்டு சரிங்க" என்றாய். "ரெண்டே ரெண்டு. ஆனா ரெண்டும் அவளோடது. இப்பத்தான் அவ எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியுது. இனிமே அங்கேருந்து கூட்டிட்டுப் போகலாம்."

பள்ளியை உடனே மூடவில்லை. கோப்பு எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் நான் பழைய ஆட்டோ ஒன்று பிடித்திருந்தேன். காலையில் அக்கரைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவது என் முதல் சவாரி. ஆட்டோவில் சும்மா வரக்கூடாது, கண்ணில் படும் போர்டையெல்லாம் படித்துக்கொண்டே வர வேண்டும் என்று நீ உத்தரவு போட்டிருந்தாய். 'உர விற்பனை நிலையம்', 'முடி திருத்தகம்' என்று எல்லாரும் கத்திக்கொண்டே வருவார்கள். ஒரு நாள் பாலத்து முனையில் வண்டி நின்றபோது, என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தனியாக, எழுத்தெழுத்தாகக் கூட்டியது: "இங்கு... பஞ்சர்... ஒட்டப்படும்." அன்று ரேவதி அதை வகுப்பிலும் வந்து சொன்னாளாம். எழுந்து நின்று, உன் முகத்தைப் பார்த்து, பஞ்சர் ஒட்டப்படும் என்று. நீ வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாய், நான் போய்விட்டேனா என்று பார்க்க. நான் போயிருக்கவில்லை.

அடுத்த தேர்வில் பள்ளி கடைசியில் இல்லை. முதலிலும் இல்லை. நடுவில் எங்கேயோ நின்றது. நீ அதற்கு ஒரு இனிப்புகூட வாங்கவில்லை. அந்த வருஷமும் பேர் இருக்கிற எல்லாரும் எழுதினார்கள் என்று மட்டும் சொன்னாய். பள்ளி இன்றைக்கும் திறந்திருக்கிறது. ரேவதி மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனால் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுத்தான் விடுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த கடைசி நாட்களை மகளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. மருந்து மயக்கத்தில் உனக்கு இடமும் நேரமும் கலைந்துவிட்டன. ஒரு மத்தியானம், ஜன்னலில் நல்ல வெயில், நீ கண்ணை மூடியபடி பேர்களாகச் சொல்ல ஆரம்பித்தாய். முதலில் புரியவில்லை. ஒரு பேர் சொல்வாய், நிறுத்துவாய், புருவம் சுருங்கும். மறுபடியும் அதே பேர். வருகைப் பதிவு எடுக்கிறாய் என்று அப்புறம்தான் விளங்கியது. பதில் வராமல் தவித்தாய். நான் உன் பக்கத்தில் குனிந்து, "உள்ளேன் டீச்சர்" என்றேன். உன் நெற்றி தளர்ந்தது. அடுத்த பேர். "உள்ளேன் டீச்சர்." எந்தெந்த வருஷத்துப் பிள்ளைகளோ, எல்லாரும் வந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். நான் ஒருவரையும் விடவில்லை.

பிறகு என் பேரைச் சொன்னாய்.

நம் வீடுகளில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் இல்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து அதை நான் கேட்டதே கிடையாது. ஏங்க, இந்தாங்க, அவுங்க, இவுங்க. அன்று என் முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவது போல, தெளிவாகக் கூப்பிட்டாய். நீ காத்திருந்தாய். மறுபடியும் கூப்பிட்டாய்.

சொன்னேன்.

அதோடு பதிவை முடித்துக்கொண்டாய். அப்புறம் நீ எந்தப் பேரையும் சொல்லவில்லை.

இப்போது தொழுது முடித்து, உனக்காக துவா கேட்டு, பாயைச் சுருட்டும்போது ஒரு நிமிஷம் நிற்கிறேன். வீடு நிசப்தமாக இருக்கும். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளேன் டீச்சர்.